நனைந்த கோழியும் நனைந்த மண்ணும்

ஓசூரில் மே மாதக் கடைசியில் பிற்பகல் வரை வெயில் காயும். சாயங்காலம் இடியோடு மழை இறங்கும். அந்த நேரத்தில் வீட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் இரண்டு விதமான பழக்கத்தைப் பார்க்கலாம். தளி, அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கோழி பாட்டுக்கு வேலியோரம் நின்று நனையும். யாரும் அதற்காகத் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளில், வாடகை வீட்டின் பின்னால் நாலைந்து கோழி வைத்திருப்பவர்கள் மழையிலேயே ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே அடைப்பார்கள். "காலங்காலமா நனையிற கோழிதானே" என்பது முதல் தரப்பின் நம்பிக்கை. "நனைஞ்சா சீக்கு வந்துடும்" என்பது இரண்டாம் தரப்பின் அச்சம்.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. உடல்நலமுள்ள, இறகு முழுதாக வளர்ந்த கோழி ஒரு மழையில் நனைவதால் சாவதில்லை. ஆனால் மழைக்காலத்தில் கோழிகள் சாகின்றன. கிராமம் கிராமமாகவும் சாகின்றன. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால்தான், மழை வந்ததும் எதற்காக ஓட வேண்டும், எதற்காக ஓட வேண்டாம் என்பது தெரியும். கோழியின் முதுகில் விழும் மழையைவிட, அது மிதிக்கும் மண்ணிலும் தின்னும் தீனியிலும் இரவு தங்கும் இடத்திலும் தேங்கும் ஈரம்தான் ஆபத்து என்பது இந்தக் கட்டுரையின் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வருகிறோம் என்பதே இனி வருவது.

இது சிறு விஷயமல்ல. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கோழியினங்கள் 85 கோடியைத் தாண்டின. அவற்றில் ஏறக்குறைய 31.7 கோடி வீட்டுப் புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட 45 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல். மொத்த எண்ணிக்கையில் 12 கோடிக்கு மேல் வைத்திருந்து முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. நாமக்கல்லின் பெரும் பண்ணைகளில் இருக்கும் கோழி மழையைப் பார்ப்பதே இல்லை. மழையைப் பார்ப்பது புறக்கடைக் கோழி மட்டுமே. அதை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முட்டையும் கோழியும் விற்ற காசு அவர்கள் கையில் நேராக வந்து சேரும் காசு. ஒரு மழைக்காலத்தில் பத்துக் கோழி போனால் போவது அந்தக் காசு.

கூரை போட்ட உடம்பு

கோழியின் இறகு அடுக்கு, ஓடு வேய்ந்த கூரையைப் போன்றது. மேலிருக்கும் இறகின் நுனி கீழிருக்கும் இறகின் மேல் படிந்திருக்கும். ஒவ்வோர் இறகின் நடுத்தண்டிலிருந்தும் இழைகள் பிரிகின்றன, இழைகளிலிருந்து நுண்ணிழைகள், அந்த நுண்ணிழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் இறகு ஒரே பரப்பாகிறது. இழைகளுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்று தண்ணீரை உள்ளே விடாமல் துளியாகவே உருட்டிவிடுகிறது. வால் முளைக்கும் இடத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. கோழி அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்போம். எண்ணெய்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் முதன்மையான வேலை இறகை உலர்ந்து உடையாமல் காப்பது. தண்ணீரைத் தடுப்பதில் பெரும்பங்கு இறகின் கட்டமைப்புக்குத்தான்.

வாத்துக்கு இருப்பது போன்ற நெருக்கமான இறகு கோழிக்கு இல்லை. அதனால் தூறலைக் கோழி எளிதாகத் தாங்கும். அரைமணி நேர அடைமழையில் மேலிறகு நனையும். ஒருமணி நேரம் காற்றோடு அடித்தால் அடித்தூவி வரை ஈரம் போகும். மழையில் நிற்கும் கோழியின் நிலையைக் கவனியுங்கள். வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி, கழுத்தைச் சுருக்கி நிற்கும். தண்ணீர் வழிந்தோடத்தான் அந்த நிலை. பார்ப்பவருக்கு அது நோயுற்ற கோழி போலத் தோன்றும். மழை நின்றதும் உடம்பை உதறிவிட்டு மேயப் போனால் அதற்கு ஒன்றும் இல்லை.

கோழி மழைக்குப் பழகிய வம்சம்தான். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. பெருமழை பெய்யும் அந்தக் காடுகளில் மரக்கிளையில் இரவைக் கழிக்கும் பறவை அது. 2022இல் வெளியான ஆய்வுகள், உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகளைத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தில் வைத்தன. இன்னொரு மூதாதை நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி ஓசூர் வனக்கோட்டத்திலும் திரிகிறது. வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோல் நிறத்துக்கான மரபணு அதிலிருந்தே வந்தது என்று 2008இல் மரபியலாளர்கள் காட்டினார்கள். ஆக, தென்மேற்குப் பருவமழையில் நனைவது நம் கோழியின் இரத்தத்தில் இருக்கும் பழக்கம். காட்டுக்கோழியையும் வீட்டுக்கோழியையும் பிரிப்பது ஒன்றே ஒன்று: காட்டுக்கோழி தான் எச்சமிட்ட இடத்திலேயே நாள்தோறும் நின்று தின்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

குஞ்சுக்கு வேறு கணக்கு

பெரிய கோழிக்குச் சொன்ன எதுவும் குஞ்சுக்குப் பொருந்தாது. குஞ்சின் மேல் இருப்பது இறகல்ல, தூவி. அதில் கொக்கிப் பின்னல் கிடையாது. தண்ணீர் பட்டதும் பஞ்சாக உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சிறு கணக்குப் போட்டால் வேறுபாடு விளங்கும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியின் இறகில் 50 கிராம் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதையும் கோழி தன் உடல் வெப்பத்தாலேயே காயவைத்தாலும் செலவாவது சுமார் பத்து கிராம் கேழ்வரகின் ஆற்றல். காற்றும் வெயிலும் உதவுவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. ஒரு கைப்பிடி தானியம் கூடுதலாக இறைத்தால் ஈடாகிவிடும். இனி 30 கிராம் எடையுள்ள நாட்டுக்குஞ்சு. அதன் தூவியில் ஐந்து கிராம் தண்ணீர் நின்றால், அதைக் காயவைக்க ஒரு கிராம் தீனியின் ஆற்றல் வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சு நாளொன்றுக்குத் தின்பதே ஐந்து கிராமை ஒட்டித்தான். ஐந்தில் ஒரு பங்கு உணவு ஒரே நனைவில் போய்விடுகிறது. உடம்பு சிறியதாக இருப்பதால் எடைக்கு ஏற்ற பரப்பும் மிக அதிகம்; வெப்பம் விரைந்து வெளியேறும். கோழியின் உடல் வெப்பம் 41 பாகையை ஒட்டியது. முதல் வாரக் குஞ்சுக்குச் சுற்றிலும் 35 பாகைச் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டே போகலாம். ஓசூரின் மழை மாலையில் வெளியே இருப்பது இருபதை ஒட்டிய வெப்பம். நனைந்த குஞ்சு ஒருமணி நேரத்தில் துவண்டுபோவது இதனால்தான்.

தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சுக்கு இறக்கைக்குள் ஓர் அடைக்கலம் உண்டு. தூறல் விழுந்ததும் தாய் 'கொக் கொக்' என்று கூப்பிட்டு அணைத்துக்கொள்ளும். ஆனால் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளும் ஒருசேர அடங்குவது முதல் இரண்டு வாரம் வரைதான். அதன்பிறகு ஓரத்துக் குஞ்சு நனையும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுக்கோ தாயே இல்லை. தெருவில் சாயம் பூசி விற்கப்படும் குஞ்சுகளும், பண்ணையிலிருந்து வாங்கிவரும் கலப்பினக் குஞ்சுகளும், அரசுத் திட்டத்தில் கிடைக்கும் குஞ்சுகளும் இந்த வகை. ஊரகப் பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 விழுக்காடு மானியத்தில் தரும் திட்டத்தைத் தமிழக அரசு நடத்தியிருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் நான்கு வாரக் குஞ்சுக்கு இறக்கையும் வாலும்தான் முளைத்திருக்கும். நெஞ்சிலும் முதுகிலும் முழு இறகு மூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மழை தொடங்கும் வாரத்தில் கைக்கு வரும் குஞ்சுக்கும், தை மாசியில் கைக்கு வரும் குஞ்சுக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. கிருஷ்ணகிரி போன்ற இரு பருவமழை மாவட்டங்களில் வழங்கும் மாதத்தையும் திட்டத்தின் பகுதியாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நனைந்த குஞ்சைக் காப்பாற்றும் வழி எளிது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, மேலே குண்டு பல்பு எரியவிட வேண்டும். இங்கே ஒரு புதுச் சிக்கல். வீடுகளில் இப்போது இருப்பதெல்லாம் எல்.இ.டி. பல்பு. அதில் வெளிச்சம் வருமே தவிரக் குஞ்சுக்குப் போதுமான சூடு வராது. எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டு, சூடு கொடுத்தும் குஞ்சு செத்தது என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது மழைக்காலத்துக்கு நல்லது. மின்சாரம் போனால் மண்சட்டியில் கரித்தணல், அதுவும் காற்றோட்டமுள்ள இடத்தில்.

எந்தக் கோழி, எந்த ஊர்

எல்லாக் கோழியும் ஒரே அளவில் மழை தாங்காது. பட்டுக்கோழி எனப்படும் மென்தூவி இனத்தின் இறகில் கொக்கிப் பின்னல் இல்லை. அது பெரியதான பிறகும் குஞ்சைப் போலவே நனையும். மொட்டைக் கழுத்துக் கோழிக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் மறைப்பு இல்லை. வெயிலுக்கு அது வரம், குளிர்ந்த மழைக்கு அது குறை. அசில் இனத்தில் இறகு உடம்போடு ஒட்டி விறைப்பாக இருக்கும், அடித்தூவி குறைவு. தண்ணீர் வேகமாக வழியும், ஆனால் உள்ளே ஈரம் போனால் குளிர் பிடிக்கும். கர்நாடக எல்லைக்கு அப்பாலிருந்து வந்து இங்கே பரவியிருக்கும் கிரிராஜா பெங்களூரில் புறக்கடைக்கென்றே உருவாக்கப்பட்டது. ஹைதராபாத்தின் வனராஜாவும் அப்படியே. கனத்த உடம்பு என்பதால் இவை மழை வந்ததும் பறந்து உயரம் ஏற மாட்டா. தாழ்ந்த இடத்திலேயே நின்று கால் நனையும். எந்த இனமாக இருந்தாலும் இறகு உதிர்க்கும் பருவத்தில் இருப்பதும், ஒன்றையொன்று கொத்தி முதுகு வெளுத்துப்போனதும், நோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பதும் நனையக் கூடாதவை.

ஊர் என்று பார்த்தால் கிருஷ்ணகிரி மாவட்டமே இரண்டு தட்டாக இருக்கிறது. ஓசூர், தளி, கெலமங்கலம், பாகலூர் எல்லாம் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டரை நெருங்கும் உயரம். மார்கழியில் இரவு வெப்பம் பதினைந்து பாகையை ஒட்டி இறங்கும். ரோஜாத் தோட்டங்கள் இங்கே செழிப்பதும் இந்தத் தட்பவெப்பத்தால்தான். கிழக்கே ஊத்தங்கரை, மத்தூர், போச்சம்பள்ளி தாழ்ந்த சமவெளி, இரவிலும் வெதுவெதுப்பு. மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடையில் கோடை இடிமழையும் உண்டு. மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை, பெரிதாக இல்லாவிட்டாலும் விட்டுவிட்டு ஈரம் இருந்துகொண்டே இருக்கும்.

மே மாத மழையில் கோழி நனைவது உண்மையில் நல்லது. முப்பது பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கும். அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லை. கோடை மழை அந்த வெப்பத்தை இறக்கிவிடுகிறது. அதே மழை கார்த்திகையில் ஓசூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் கதை வேறு. கோழி உறங்கும்போது இறகைப் புடைத்துக் காற்றை அடைத்துவைத்துத்தான் சூட்டைக் காக்கிறது. நனைந்த இறகு புடைக்காது. ஈர இறகோடு, காற்று ஊடுருவும் இடத்தில் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும் கோழி காலையில் மூக்கொழுக நிற்கும். சளிக்கான கிருமி பெரும்பாலும் முன்பே கூட்டத்தில் இருந்திருக்கும். குளிர் அதற்கு இடம் கொடுத்தது. எனவே பகல் மழைக்குக் கோழியை விரட்டிப் பிடிக்க வேண்டாம். மாலை மழைக்குப் பிடித்தே ஆக வேண்டும். நான்கு மணிக்கு முன் நனைந்தால் காய நேரமிருக்கிறது. அதற்குப் பிறகு நனைந்தால் துடைத்து, காற்றுப் படாத இடத்தில் அடைத்து, அடைக்கும் முன் கொஞ்சம் கேழ்வரகோ கம்போ சோளமோ கொடுங்கள். இரையைச் செரிக்கும் சூடு இரவுக்கு உதவும்.

வெள்ளம் வேறு. ஃபெஞ்சல் புயலின் எச்சமாக 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே 83 சென்டிமீட்டரை ஒட்டியதுதான். ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் சாலையோரம் நின்ற வாகனங்களை இழுத்துச் சென்ற காட்சியை எல்லோரும் பார்த்தோம். அப்படிப்பட்ட இரவில் தரையில் கவிழ்த்த பஞ்சாரத்துக்குள் இருக்கும் கோழிக்குத் தப்ப வழியே இல்லை. ஏரிக்கரைக்கும் ஓடைக்கும் தாழ்வில் இருப்பவர்கள் எச்சரிக்கை வந்த நாளில் கோழிகளைத் தரைக்கூட்டில் அடைக்காமல் திண்ணைக்கோ மாடிப்படிக்கோ மாற்ற வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் திறந்துவிடுவதே மேல், மரமேறிப் பிழைக்கும்.

மழை நின்ற பிறகு

ஆபத்தின் பெரும்பகுதி மழை நின்ற பிறகுதான் தொடங்குகிறது. இரத்தக் கழிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இது குளிரால் வருவதல்ல. எய்மீரியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி கோழிக்குடலில் பெருகி, எச்சத்தில் முட்டைகளாக வெளியேறுகிறது. வெளியே வந்த நேரத்தில் அந்த முட்டைக்கு நோய் உண்டாக்கும் திறன் கிடையாது. காற்று, 25 முதல் 30 பாகை வெப்பம், ஈரம் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்துவிடும். காற்றும் வெப்பமும் இங்கே பெரும்பாலும் உண்டு. மழை மூன்றாவதைக் கொண்டுவருகிறது. மழை பெய்து சில நாள் கழித்து, மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகள் இறக்கை தொங்கிக் குறுகி நிற்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். வீட்டார் "அன்னிக்கு நனைஞ்சதுதான்" என்பார்கள். அன்று குஞ்சு நனையாமல் இருந்து, தரை மட்டும் நனைந்திருந்தாலும் இது வந்திருக்கும். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் குடிநீரில் கலந்து கொடுத்தால் நிற்கும். வராமல் தடுப்பதில் பெரும்பங்கு உலர்ந்த தரைக்குத்தான்.

காட்டுக்கோழி ஒரே இடத்தில் எச்சமிட்டுத் தின்பதில்லை என்றோமே, அதன் பொருள் இங்கே விளங்கும். அது தன் ஒட்டுண்ணிகளை விட்டு நாள்தோறும் விலகிப் போய்விடுகிறது. இருபதுக்கு இருபது அடிப் புறக்கடையில் பதினைந்து கோழி நின்றால், ஒவ்வொரு கோழியும் மற்றப் பதினான்கின் எச்சத்தை மிதித்தும் கொத்தியும் வாழ்கிறது. வெயில்காலத்தில் மண் காய்ந்து அந்த முட்டைகளைக் கொல்லும். ஐப்பசியில் மண் காய்வதே இல்லை. தளிக் கிராமத்துக் கோழி நனைந்தும் பிழைப்பதற்கும், நகர விளிம்பில் நனையாமல் அடைத்த கோழி நோயில் விழுவதற்கும் காரணம் இந்த இட வேறுபாடுதான். கிராமத்தாரின் நம்பிக்கை சரியாக இருப்பது அவர்களுடைய கோழி திரிய நிலம் இருப்பதால். அந்த நம்பிக்கையை மட்டும் சிப்காட் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பலிக்காது.

புழுக்களும் இப்படியே. உருளைப்புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் நீண்ட நாள் உயிரோடிருக்கும். மழைக்கு மேலேறும் மண்புழு, வண்டு, எறும்பு ஆகியவற்றில் சில குடற்புழுக்களின் இளம்பருவங்கள் இருக்கும். கோழி அவற்றை ஆசையாகத் தின்னும். பருவமழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகினால் கோழி அம்மை வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் பரு எழும்பிக் கண் மூடிப்போகும்.

பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொன்று மண்குளியல். கோழி புழுதியில் புரளுவது பேனையும் உண்ணியையும் உதிர்க்க. மழைக்காலத்தில் புழுதி இல்லை, பேன் ஏறிவிடுகிறது. பேன் ஏறிய கோழி இறகைக் கொத்திக் கொத்திக் கெடுத்துக்கொள்ளும். இறகு கெட்டால் அடுத்த மழையில் இன்னும் நனையும். கூரைக்கடியில் ஒரு பழைய தொட்டியில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் போதும். பேனுக்காகச் சோப்புத்தூள் போட்டுக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது இறகின் எண்ணெயைக் கழுவிவிடும்.

தீனி மழையில் நனைந்தால் கொட்டிவிட வேண்டும். நனைந்த மக்காச்சோளத்திலும் கடலைப்பிண்ணாக்கிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை முளைத்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று பிறகு கண்டார்கள். இந்த நஞ்சை உலகம் அறிந்ததே அப்போதுதான். பூஞ்சைத் தீனியை வெயிலில் காயவைத்துக் கொடுத்தாலும் நஞ்சு போவதில்லை. நமக்கு ஆகாது என்று ஒதுக்கிய தானியத்தைக் கோழிக்குப் போடும் வழக்கம் இங்கே வலுவாக இருக்கிறது. கல்லீரல் கெட்டு மெல்ல மெல்ல இளைத்துச் சாகும் கோழியை யாரும் அந்தத் தானியத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஆலைப் பகுதிக்கென்று சில கவலைகள் உண்டு. ஓசூர் சிப்காட் தொடங்கி அரை நூற்றாண்டாகிறது; வாகன, இயந்திர, வேதித் தொழில்கள் சூழ்ந்த ஊரில் பழைய பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைக்கும். அதை அறுத்துக் கோழிக்குக் கூடாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் ஆக்குகிறார்கள். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம் தண்ணீர் வைக்க ஆகாது. தெரு வாய்க்காலில் பெருகும் மழைநீரைக் கோழி குடிக்கும். வீட்டில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருந்தால் அந்தப் பக்கம் போவது குறையும். பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, பெருமழை நாளில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாய்ப் பொங்குவதை ஆண்டுதோறும் செய்தியில் காண்கிறோம். அந்த ஆற்றோரக் கிராமங்களில் கோழியை வெள்ளம் வடியும் வரை கரைப்பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

இடியும் அடைமுட்டையும்

இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகும் என்று முட்டைகளோடு இரும்பு ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பது தமிழ் வீடுகளில் நெடுநாளாக உள்ள பழக்கம். இடியோசைக்குக் கரு சாவதாகச் சான்று இல்லை. ஆனால் இடிமழைக் காலத்து அடை கெடுவது பொய்யல்ல. ஒழுகும் கூரையில் தாய் எழுந்து எழுந்து போகும், முட்டை குளிரும். குளிரும்போது உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே வெளியீரத்தையும் கிருமியையும் இழுத்துக்கொள்ளும். ஆணியை வையுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கூடவே கூரையையும் பாருங்கள். குஞ்சு 21 நாளில் பொரியும். முழு இறகு மூட இன்னும் எட்டு வாரம். இதைக் கணக்கில் வைத்து, ஓசூர்ப் பக்கத்தில் மார்கழிக் கடைசியிலோ தையிலோ அடை வைத்தால் குஞ்சு காய்ந்த மண்ணில் வளரும்.

பழி யார்மேல்

மழைக்காலத்தில் ஊரே காலியாவது வெள்ளைக் கழிச்சலால்தான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட இந்த வைரஸ் நோய், அடுத்த சில ஆண்டுகளிலேயே இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டு இந்தியாவில் அந்தப் பெயரையே பெற்றது. மழை இந்த வைரஸைக் கொண்டுவருவதில்லை. நோயுற்ற கோழியும், அதை வைத்திருந்த கூடையும், அதைத் தொட்ட கையும் காலும்தான் கொண்டுவருகின்றன. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, அத்திப்பள்ளியைத் தாண்டி அந்தப் பக்கத்திலோ வாங்கிய ஒரு கோழி அன்று மழையில் நனைந்து வீடு வந்து, மூன்றாம் நாள் தூங்கி விழுந்தால், எல்லோரும் மழையைத்தான் சொல்வார்கள். அது சந்தையிலேயே வாங்கிய நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதுக் கோழியைப் பதினைந்து நாளாவது தனியே வைத்தால் மற்றவை தப்பும். குளிரும் ஈரமும் வைரஸ் வெளியே உயிரோடிருக்கும் நாளைக் கூட்டும், கோழியின் தாங்கும் வலுவைக் குறைக்கும். மழைக்குள்ள பங்கு அவ்வளவே.

மழையின் மேல் பழி போடுவதில் ஒரு பெரிய கேடு இருக்கிறது. மழையை நம்மால் நிறுத்த முடியாது என்பதால் கைகட்டி இருந்துவிடுகிறோம். நிறுத்தக்கூடிய நோய்க்கு ஊசி போடாமல் விடுகிறோம். இத்தனைக்கும் இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் கோழிகளுக்கான தடுப்பூசிகளைத் தயாரித்து வருகிறது. ஓசூருக்குப் பக்கத்து மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணையும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. கோழிக்கென்றே ஒரு கல்லூரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர்களில், ஒரு சொட்டு மருந்துக்கு வழியில்லாமல் கோழிகள் சாவது வேதனை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தரையை ஓரடியாவது உயர்த்துங்கள். கல்குவாரிகள் நிறைந்த மாவட்டத்தில் சின்ன ஜல்லி கிடைப்பது அரிதல்ல, அதைப் பரப்பி மேலே மணல் போட்டால் கோழி நிற்கும் இடம் விரைவில் காயும். கூரை மூன்று பக்கமும் நீண்டிருக்கட்டும்; காற்று வரும் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள், ஆனால் முழுக்க மூடாதீர்கள். ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி உங்கள் கண்ணை எரித்தால் அது கோழியின் நுரையீரலை எப்போதோ கெடுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். தரைக்கு மேலே குறுக்குக் கம்பு ஒன்று, நெல் உமியோ கடலைத்தோலோ போட்ட உலர்ந்த தரை, நனையாத தீனித் தட்டு. குஞ்சுகளை எட்டு வாரம் வரை மழையில் விடாதீர்கள். பெரியவை பகலில் நனைந்தால் பதற வேண்டாம்.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பு மருந்தில் புறக்கடைக்காரர்களுக்கு ஓர் உண்மையான இடர் உண்டு. மருந்துக் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வருகிறது. கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்க முடியாது. அதனால் தெருவாகச் சேருங்கள். பத்து வீடு சேர்ந்தால் ஒரு குப்பி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடித் தோலில் அரை மில்லி ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி இந்த நோய்க்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. முகாமுக்குப் பின் பொரித்த குஞ்சுகள் ஊசியில்லாமலே ஐப்பசி மழைக்குள் நுழைகின்றன. அவற்றுக்காக ஆடி மாதத்திலேயே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போய், எத்தனை வீடு, எத்தனை கோழி என்று எழுதிக்கொடுத்துக் கேளுங்கள்.